ஞாயிறு யாருடையது?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓய்வுநாளைப் பற்றியவை. ஆகவே மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதையே பேசிவிடுவோம்.

கேள்வி: சனிக்கிழமை வந்தாலே “எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா” என்று பிள்ளைகள் காலைச் சுற்றுகிறார்கள். மாலும் சினிமாவும் அலுத்துவிட்டன. மதுரையில் வேறென்ன இருக்கிறது?
*— வங்கி ஊழியர், மதுரை*

பதில்: சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்து உங்கள் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போங்கள். விடியுமுன் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது.

போனதும் வரலாற்றுப் பாடத்தை ஆரம்பிக்காதீர்கள். முதலில் கண்மாய்க் கரையில் உட்காரவைத்து அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். வல்லூறும் ராஜாளியும் மலைமுகட்டில் வட்டமிடும். ஏறக்குறைய 250 வகைப் பறவைகளைக் கணக்கெடுத்திருக்கும் இடம் அது. அடுத்து குடைவரைக் கோயில். பாண்டியர் காலத்தில் மலையைக் குடைந்து சிவனுக்கு எடுத்தது. அங்கே லகுலீசர் சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிதாகவே காணக் கிடைப்பது. கடைசியாகச் சமணர் குகை. துறவிகள் படுத்த கல்லையும், அந்தக் குகையைக் கொடுத்தவர்கள் வெட்டிவைத்த தமிழி எழுத்தையும் பார்த்துவிட்டு இறங்கினால், பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்பார்கள்.

அப்போது சமீபத்திய கதையையும் சொல்லுங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. சரியாக இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த ஊரையும் சேர்த்துச் சுமார் 5,000 ஏக்கர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. சுற்று வட்டாரமே திரண்டது. கிராம சபைகளில் தீர்மானம், சட்டமன்றத்தில் தீர்மானம், மேலூரிலிருந்து மதுரை வரை விவசாயிகளின் பேரணி. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நீங்கள் உட்காரப் போகும் அந்தக் கரை இன்றைக்குக் கரையாகவே இருப்பதற்குக் காரணம் அந்த ஊர் ஜனங்கள். அவர்கள் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, பெரியவர்கள் யாரிடமாவது நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

கேள்வி: மலைக்குப் போகும்போது என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
*— கல்லூரி மாணவி, திண்டுக்கல்*

பதில்: தண்ணீர், கடலை மிட்டாய், ஒரு மஞ்சப்பை. திரும்பும்போது பை கனமாக இருக்க வேண்டும். அடுத்தவர் போட்டுவிட்டுப் போன பாட்டிலும் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மலையேற்றம் போகிறோம். வழி தெரிந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் இருக்கிறான். அது போதும்தானே?
*— மென்பொருள் ஊழியர், கோவை*

பதில்: போதாது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணியை மறந்துவிடாதீர்கள். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் மாண்டார்கள். இப்போது வனத்துறையே 2024 அக்டோபரிலிருந்து 40 பாதைகளைத் திறந்துவிட்டிருக்கிறது. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். அந்த வழிகாட்டிகளில் பலர் மலைவாழ் மக்கள். நீங்கள் கட்டும் பணத்தில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். உங்கள் அம்மாவும் நிம்மதியாகத் தூங்குவார்.

கேள்வி: கொடைக்கானலுக்கு இ-பாஸ் கேட்கிறார்களே, சொந்த மாநிலத்தில் சுற்றிப் பார்க்க அனுமதிச் சீட்டா?
*— பலசரக்கு வியாபாரி, ஒட்டன்சத்திரம்*

பதில்: கோபம் புரிகிறது, ஆனாலும் நான் உயர் நீதிமன்றத்தின் பக்கம். 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் ஊட்டிக்கு 6,000 வண்டி, கொடைக்கானலுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் முறையே 8,000, 6,000 என்று நீதிமன்றம் வரம்பு கட்டியது. கட்டுப்பாட்டுக்குப் பிறகும் 6,000 வண்டி என்றால் மலைச்சாலையில் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். நாம் இரண்டு நாள் இருந்துவிட்டு இறங்கிவிடுவோம். நெரிசலோடும் தண்ணீர்ப் பஞ்சத்தோடும் வாழ்கிறவர் அங்கேயே இருக்கிறார்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள் 25 ஆண்டு கழித்துக் கூடுகிறார்கள். ஒருவன் டாக்டர், ஒருவன் துபாயில் இன்ஜினீயர். நான் சிறிய பிரிண்டிங் பிரஸ் வைத்திருக்கிறேன். போவதா, வேண்டாமா?
*— வாசகர், சிவகாசி*

பதில்: கட்டாயம் போங்கள். எங்கள் சந்திப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் அரை மணி நேரம் அறிமுகம். ஒவ்வொருவராக எழுந்து இன்ன கம்பெனியில் மேனேஜர், இன்ன துறையில் அதிகாரி என்று சொல்லி உட்கார்ந்துகொண்டிருந்தோம். கைதட்டல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவில் வந்தது. அது எல்லோருக்குமே கேட்டது. நடுவில் ஒரு நண்பன் எழுந்தான். சரக்கு வேன் ஓட்டுகிறவன். “நான் மூணாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம்டா” என்றான். அவ்வளவுதான் அவனுடைய அறிமுகம்.

அரங்கம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒருவர்கூட வேலையைச் சொல்லவில்லை. ஏற்கெனவே பேசி முடித்தவர்களும் எழுந்து, “நான் முதல் பெஞ்ச், சாக்பீஸ் எடுத்துட்டு வர்றவன்”, “நான் கடைசி பெஞ்ச், உனக்குப் பின்னால” என்று திரும்பச் சொன்னார்கள். கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், “நான் பெஞ்ச் பத்தாம தரையில உக்காந்தவன்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் தரையில் உட்கார்ந்திருந்ததை அன்றைக்கு நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. அதை அறிந்துகொள்ள எங்களுக்கு அத்தனை ஆண்டு ஆயிற்று.

உங்கள் பெஞ்ச்சில் உட்கார வேறு யாருக்கும் உரிமை கிடையாது. போய் உட்காருங்கள். அழைப்பிதழை நீங்களே அச்சடித்துக் கொடுங்கள். அது அவர்கள் வீட்டில் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: எங்கள் குழுவில் சந்திப்பை ரிசார்ட்டில் வைத்து, தலைக்கு மூவாயிரம் கேட்கிறார்கள். நியாயமா?
*— பெயர் வேண்டாம், காரைக்குடி*

பதில்: நியாயமில்லை. மூவாயிரம் இல்லாதவர் “அன்றைக்கு ஊரில் இல்லை” என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். சந்திப்பைப் படித்த பள்ளியிலேயே வையுங்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, மரத்தடியில் இலை போட்டுச் சாப்பிடுங்கள். மூடிய உறை ஒன்றை வைத்து, முடிந்தவர் முடிந்ததைப் போடட்டும். மிஞ்சும் பணத்தில் கழிவறைக் கதவைச் சரிசெய்து கொடுங்கள். பெண் பிள்ளைகள் உங்களை வாழ்த்துவார்கள்.

கேள்வி: நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் அரசியல் பேசலாமா?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை*

பதில்: தாராளமாக. ஒரே நிபந்தனை: சொந்த வாயால் பேச வேண்டும். எவரோ எழுதியதை ஃபார்வர்டு செய்துவிட்டு நண்பனிடம் சண்டை போடுவது, கூலிக்கு ஆள் வைத்து நட்பை வெட்டுவதற்குச் சமம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம், கண்காட்சி என்றால் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார் என் கணவர். சரியா?
*— வாசகி, கரூர்*

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வரும்போது கை நடுங்குகிறது. 2024 அக்டோபர் 6, ஞாயிறு: மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போன லட்சக்கணக்கானவர்களில் ஐந்து பேர் உச்சி வெயிலில் உயிரை விட்டார்கள். 2025 செப்டம்பர் 27, சனி: உங்கள் வேலுசாமிபுரத்தில் பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் போனார்கள், குழந்தைகள் உள்பட.

தலைவரைப் பார்க்க ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் தண்ணீர், நிழல், வெளியேறும் வழி ஆகிய மூன்றையும் கண்ணால் பார்க்காத இடத்துக்குக் குழந்தையைத் தூக்கிப் போகக் கூடாது. உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அண்ணன் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்தால் ஏழு வயதுப் பையனுக்கு என்ன புரியும்?
*— தாய், மானாமதுரை*

பதில்: பானை ஓட்டில் கீறிய பெயர்கள் புரியும். ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று எழுதியிருக்கும். இவன் பள்ளி மேசையில் காம்பஸ் முனையால் தன் பெயரைக் கீறுகிறானே, அதே ஆசைதான். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் அது. பெரியவனானதும் அவனே படிக்கட்டும்: அங்கே முதலில் தோண்டியவர் 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார், 2025 மே மாதம் மத்தியத் தொல்லியல் துறை திருத்தம் கேட்டது. மண்ணுக்கு அடியில் அத்தனை நூற்றாண்டு இருந்தது வெளியே வந்துவிட்டது. இனி அது காகிதத்துக்கு அடியில் கிடக்கக் கூடாது.

கேள்வி: வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்கச் சொல்கிறார்களே பெரிய நிறுவனத் தலைவர்கள்?
*— ஆலைத் தொழிலாளி, ராஜபாளையம்*

பதில்: 90-ஐ ஏழால் வகுத்தால் நாளுக்குக் கிட்டத்தட்ட 13 மணி நேரம் வருகிறது, ஞாயிறும் சேர்த்து. அந்த ஞாயிறு யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டு போராடி, 1890-இல் வாங்கிக் கொடுத்தது. சென்னைக் கடற்கரையில் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும், 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை வகுத்ததும் அதே வழியில் வந்தவை. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டிலும் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நிறைவேறியது; தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்ததும் மே தினத்தன்றே திரும்பப் பெறப்பட்டது. கேட்டால்தான் உரிமை நிற்கும். கேளுங்கள்.

கேள்வி: கணவர் நண்பர்களோடு ஊர் சுற்றப் போகிறார். நான் கிளம்பினால் மட்டும் நூறு கேள்வி. ஞாயிறு எனக்கு மற்ற நாளைவிட அதிக வேலை.
*— இல்லத்தரசி, விருதுநகர்*

பதில்: 2021-இலிருந்து உங்களுக்கு டவுன் பஸ் இலவசம். ஞாயிறு இன்னும் இலவசமாகவில்லை. 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். ஞாயிறு மட்டன் குழம்பு இந்தக் கணக்கை இன்னும் ஏற்றியிருக்கும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு உங்களுடையது என்று காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். அனுமதி கேட்க வேண்டாம்; தகவல் சொன்னால் போதும். அன்றைக்கு அடுப்பைப் பற்றவைப்பவர் வேறு ஆள். உங்கள் கூடப் படித்தவர்களுக்கும் இதே நிலைமைதான் இருக்கும். நீங்கள் முதல் போன் போடுங்கள்.

கேள்வி: எல்லோரும் வார இறுதி, வார இறுதி என்கிறார்கள். துணிக்கடையில் எங்களுக்கு ஞாயிறுதான் கூட்டமே. காலை முதல் இரவு வரை நிற்கிறோம். எங்களுக்கு வார இறுதி எப்போது?
*— விற்பனைப் பெண், மதுரை*

பதில்: தங்கையே, உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்த வாரப் பக்கத்துக்கு இப்படித் தலைப்பு வைத்தேன்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை கடை ஊழியருக்கு உரியது. அது செவ்வாயாக இருக்கலாம், வியாழனாக இருக்கலாம், ஆனால் இருந்தே ஆக வேண்டும். 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இன்னொரு திருத்தமும் நிறைவேற்றியது: கடை ஊழியர் ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும். கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்ற உரிமை அது; அவர்களைத் தொடர்ந்து இங்கேயும் வந்தது. நீங்கள் தனியாளாகக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். பத்துப் பேராகச் சேர்ந்து தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: இந்த ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்கப் போவீர்கள். உங்களுக்காக நாற்பது புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பில் போடும் இடத்தில் நின்று முதலாளியிடம் கேளுங்கள்.