அட்டவணை அறைகளில் கொடிப் படம் குடியேறும் முறை: ஓர் ஆய்வு

நாட்டின் பெயர், தலைநகர், மக்கள்தொகை என்ற மூன்று நெடுவரிசைகளோடு குறையின்றி இயங்கிவரும் ஒரு தரவு அட்டவணையில், நான்காவது நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து அதில் ஒவ்வொரு நாட்டின் கொடியையும் இணையத்திலிருந்து வரவழைத்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை ஏன் பிறக்கிறது என்பது உளவியலாருக்குரிய வினா; ஆசை பிறந்த பின் நிகழ்வனவற்றை மட்டுமே இக்கட்டுரை ஆராய்கிறது.

அட்டவணை, படம் ஆகிய இரண்டில் இணையத்தில் மூத்தது படமே. ‘இந்த முகவரியிலுள்ள படத்தை இங்கே வை’ என்று உலாவிக்கு ஆணையிடும் ‘இமேஜ்’ குறிச்சொல்லை மார்க் ஆண்ட்ரீசன் 1993 பிப்ரவரியில் முன்மொழிய, அட்டவணைக்கான விரிவான வரையறையை டேவ் ராகெட் 1996 மே மாதத்தில் வெளியிட்டார். அக்கால வடிவமைப்பாளர்களோ அட்டவணையைத் தரவுக்கு என்று விட்டுவைக்காமல் பக்கத்தைத் தாங்கும் சாரமாகக் கட்டி, அறைகள் குறுகாதிருக்க ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஜிஃப் படங்களை முட்டுக்கொடுத்தனர். ஆகவே அந்நாளைய அட்டவணைகளில் குடியிருந்த படங்களுள் பல, யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே வைக்கப்பட்டவை.

இன்று தரவை அட்டவணையாக்கி அதன் அறைகளில் படம் வைக்கும் பணியைப் பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகம் செய்து தருகிறது. ஆனால் கொடியின் முகவரியைக் குறிச்சொல்லுக்குள் பொதிந்து, தரவை எச்டிஎம்எல் ஆக்கும் செயற்கூற்றிடம் ஒப்படைத்தால், கொடிக்குப் பதில் அக்குறிச்சொல்லே எழுத்துக்கு எழுத்து அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘எஸ்கேப்’ என்னும் அளவுரு, அதாவது கோணக் குறிகளின் ஆணையிடும் ஆற்றலை நீக்கி அவற்றை வெறும் எழுத்தாக்கும் ஏற்பாடு, இயல்பாகவே ‘ட்ரூ’ என்றிருப்பதே காரணம். அதை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் தடை நீங்கும். ஆனால் கொடி நெடுவரிசைக்கு மட்டுமன்றி எல்லா நெடுவரிசைகளுக்கும் நீங்கிவிடுவதால், தலைநகர்ப் பெயருக்குள் எவரேனும் விஷமமாக நுழைத்து வைத்த ஜாவாஸ்கிரிப்டும் கொடியோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். அயலார் தந்த தரவானால் ஏனைய நெடுவரிசைகளை முன்கூட்டியே தனியே எஸ்கேப் செய்துவிடுவதே விவேகம், பலரும் செய்வதில்லை.

தடை நீங்கியும் கொடி வராத நேர்வு ஒன்று உண்டு. ஓர் அறையின் உள்ளடக்கம் 50 எழுத்துகளைத் தாண்டினால் பாண்டாஸ் அதை வெட்டி மூன்று புள்ளிகளை ஒட்டிவிடுகிறது. படங்களின் முகவரிகள் பெரும்பாலும் அதைவிட நீளமானவை. வெட்டுப்பட்ட குறிச்சொல்லில் மேற்கோள் குறி மூடப்படாமல் நிற்க, உலாவியோ அடுத்த மேற்கோள் குறி எதிர்ப்படும்வரை வந்ததையெல்லாம் முகவரியின் பகுதி என்றே நம்பி, அடுத்த வரிசையின் நாட்டுப் பெயரையும் தலைநகரையும் சேர்த்து விழுங்கிவிடும். நெடுவரிசை அகலத்தின் உச்சவரம்பை ‘நன்’ என்று, அதாவது வரம்பே இல்லை என்று, அறிவிப்பதே இதற்குப் பரிகாரம்.

கொடிகள் வந்து சேர்ந்த பின் எழுவது உருவச் சிக்கல். எல்லாக் கொடிகளுக்கும் 60 பிக்சல் அகலம், 40 பிக்சல் உயரம் என்று சட்டம் போட்டால், சதுரமான சுவிட்சர்லாந்துக் கொடி பக்கவாட்டில் இழுபடும். 11-க்கு 28 என்ற விகிதத்தில் நீண்டு கிடக்கும் கத்தார் கொடி சுருங்கும். உலக நாடுகளின் தேசியக் கொடிகளுள் நாற்கரம் அல்லாத ஒரே கொடியாகிய நேபாளக் கொடியோ, அகலத்தைவிட உயரம் மிகுந்தது என்பதால், இமயத்தின் முகடுகளைப் போன்ற அதன் இரு முக்கோணங்களும் அமுங்கித் தட்டையாகும். ‘ஆப்ஜெக்ட்-ஃபிட்’ என்னும் சிஎஸ்எஸ் பண்புக்குக் ‘கன்டெய்ன்’ என்று மதிப்பளித்தால் ஒவ்வொரு கொடியும் தன் விகிதம் கெடாமல் அந்த அளவுக்குள் அடங்கும். அப்போது கத்தாருக்கு மேலும் கீழும் சேர்த்து ஏறத்தாழ 16 பிக்சல் காலியாக இருக்கும், அது பிழையன்று.

பிழையெனத் தோன்றுவது வேறொன்று: ஒவ்வொரு கொடிக்கும் அடியில் யாரும் கேட்காத ஒரு சிறு இடைவெளி. உலாவி படத்தையும் ஓர் எழுத்தாகவே எண்ணி வரிக்கோட்டின் மேல் நிறுத்திவிட்டு, ‘ழ’ போன்று கோட்டுக்குக் கீழே வால் நீட்டும் எழுத்துகளுக்கென அடியில் இடம் ஒதுக்குகிறது. படத்தைச் சிஎஸ்எஸ்ஸில் ‘பிளாக்’, அதாவது வரியில் சேராத தனிக் கட்டம், எனக் குறித்துவிட்டால் அந்த ஒதுக்கீடு ரத்தாகும்; அதை அறியாமல் அறையின் உயரத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்ப்போர், அங்கு இல்லவே இல்லாத ஓர் எழுத்தின் வாலோடு மல்லுக்கட்டுகின்றனர்.