பார்த்ததுக்குக் காசா?

"ஸ்கோடா லாரா, சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி" என்று விளம்பரம் வந்தால் நம்மில் சிலருக்குக் கை அரிக்கிறது. புதிதாக வந்தபோது அண்ணாந்து பார்த்த வண்டி, இன்றைக்குப் புது ஆல்டோவின் விலைக்கும் கீழே கிடைக்கிறது; கதவைச் சாத்தும் சத்தத்துக்கே பாதிப் பணம் தரலாம். விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்தான். அதன் உதிரிபாகங்களுக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. கொஞ்ச காலத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அன்றிலிருந்து உரிமையாளர் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் ஒரே கேள்வியோடு திரிவார்: "உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல மெக்கானிக் யாராவது இருக்காங்களா?" இல்லை என்றுதான் ஊரே புலம்புகிறது. மெக்கானிக்குகளுக்குப் பஞ்சம் என்பதை நான் ஏற்கவில்லை. பழுதைக் கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி கிடையாது என்று நாமே முடிவுகட்டிவிட்டு, கண்டுபிடிக்கத் தெரிந்தவரைத் தேடினால் அவர் எங்கிருந்து வருவார் என்பதுதான் என் கட்சி.

அந்த மஞ்சள் விளக்கையே எடுத்துக்கொள்வோம். வண்டி 1.8 டிஎஸ்ஐ பெட்ரோல். ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்ற குறியீடு வருகிறது என்று வையுங்கள். உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் இல்லை என்று அர்த்தம். ஏன் இல்லை என்று அது சொல்லாது. காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கேறியிருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், எங்கோ ஒரு ஹோஸ் வெடித்துக் கணக்கில் வராத காற்று உள்ளே புகலாம். இந்த இன்ஜினில் பிசிவி வால்வுக்குள் ஒரு ரப்பர் சவ்வு உண்டு. அது கிழிந்தாலும் இதே குறியீடு வரும். இன்டேக்கில் புகையை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்த்தால் விடை அநேகமாகக் கிடைத்துவிடும். அதற்குப் புகை மிஷின் வேண்டும், நேரம் வேண்டும், கொஞ்சம் பிடிவாதமும் வேண்டும். பில்லில் இவை மூன்றுக்கும் இடமில்லை. "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்" என்றால் இடம் உண்டு: டப்பாவோடு ஒரு பொருள், அதன்மேல் ஒரு லாபம், பழையதைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது நமக்கும் ஒரு திருப்தி. சென்சார் மாறும், விளக்கு அணையும், சில நாளில் திரும்ப எரியும். அடுத்து பம்ப். இப்படியே மாற்றிக்கொண்டு போனால் என்றாவது ஒருநாள் சரியான பாகத்தையும் மாற்றித்தான் ஆகவேண்டும். அந்த நாளில் அவரைக் கைராசிக்காரர் என்று மெச்சி, நண்பருக்கும் சிபாரிசு செய்கிறோம்.

மெக்கானிக்கின் குணக்கேடு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற பொருளியலாளர்கள் 1973-இல் எழுதிய கட்டுரை இதை வேறு மாதிரி பார்த்தது. கோளாறு என்ன என்று சொல்பவரும் அதைச் சரிசெய்து காசு வாங்குபவரும் ஒருவராகவே இருந்தால், அந்த வேலை தேவைதானா என்பது பணம் கொடுத்த பிறகும் வாடிக்கையாளருக்குத் தெரியப்போவதில்லை. மோசடிக்கு வாசல் அங்கேதான் திறக்கிறது. வைத்தியமும் இந்த வகைதான். ஆனால் வைத்தியத்தில் பார்ப்பதற்கென்று தனிக் கட்டணம் வைத்துவிட்டோம். ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லை, போயிட்டு வாங்க" என்ற டாக்டருக்கும் பீஸைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறோம். அப்படித் திரும்பிய நோயாளியே ஷெட்டில் நின்றுகொண்டு, "ஒண்ணும் மாத்தலையே அண்ணே, பார்த்ததுக்கா காசு?" என்பார். லாராவை ஓட்டிய அந்த டாக்டரே அப்படிக் கேட்டிருக்கவும் கூடும்.

இதில் உச்சம், இரவோடு இரவாக பேட்டரி இறங்கும் கோளாறு. லாரா போன்ற ஐரோப்பிய வண்டிகளில் கதவுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஏசிக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று. வண்டியைப் பூட்டியதும் இவை ஒவ்வொன்றாகத் தூங்கப்போகும். எல்லாம் அடங்கப் பல நிமிடங்கள் ஆகும். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் மொத்தக் குடும்பமும் விழித்துக்கொள்ளும், பிறகு முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். எல்லாம் தூங்கிய பிறகு மீட்டரில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்த்து, ஃபியூஸ் ஃபியூஸாகத் திருடனைத் தேட வேண்டும். ஒழுங்காகச் செய்யும் மெக்கானிக், பூட்டிய வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் பார்த்து உரிமையாளர் வந்துவிட்டால் தீர்ந்தது கதை. புது பேட்டரியை மாட்டி அனுப்பியவர் சுறுசுறுப்பானவர், இவர் சோம்பேறி. போதாக்குறைக்கு, பிஎம்டபிள்யூ போன்றவற்றில் புது பேட்டரி போட்டால் அதை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்தாக வேண்டும். இல்லையென்றால் பழைய பேட்டரிக்குப் போட்ட கணக்கிலேயே புதியதற்கும் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்.

கம்ப்யூட்டரெல்லாம் எதற்கு, அந்தக் காலத்து பாய் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவாரே என்று ஒரு கட்சி உண்டு. மரியாதைக்குரிய கட்சி. அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பத்மினி இத்தாலியின் ஃபியட் 1100. சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், டிரையம்ப் குடும்பத்துப் பிள்ளை. ஆக ஐரோப்பியக் கார் நமக்குப் புதிதல்ல, ஸ்பேனரும் காதுமாகத் தலைமுறை தலைமுறையாக ஓட்டியிருக்கிறோம். அந்த வண்டிகள் வலித்தால் கத்தின. பிறகு வந்தவை சத்தமில்லாமல் சாகக் கற்றுக்கொண்டன. லாராவின் 1.9 டீசலில் இன்ஜெக்டர்களை அழுத்துவதே கேம்ஷாஃப்ட்தான். அதற்கென்று ஸ்கோடாவின் தாய்க் கம்பெனியான ஃபோக்ஸ்வேகன் 505.01 என்ற தனி ஆயில் தரம் வகுத்தது. அதைப் படிக்காமல் கையில் கிடைத்த டீசல் ஆயிலை ஊற்றினால் அன்று ஒன்றும் கேட்காது. கேட்கும் நாளில் கேம் தேய்ந்து முடிந்திருக்கும். காது உதவும் இடமும் உண்டு: பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் டைமிங் செயின் கலகலப்பதைக் கேட்டுவிடலாம். அந்தச் செயின் இன்ஜினின் பின்முனையில், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் வழக்கமாக இன்ஜினையே கீழே இறக்குவார்கள். இவ்வளவு பெரிய வேலையை, சங்கிலிதானா என்று அளந்து உறுதிசெய்யாமல் காதை மட்டும் நம்பி யார் தொடங்குவார்? தொடங்குகிறார்கள் என்பதுதான் வேதனை.

கம்பெனி சர்வீஸுக்கே போய்விடலாமே என்பது அடுத்த கட்சி. சில விஷயங்களுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸில், வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் நின்று நின்று ஓடும்போது மின்கோளாறு வருகிறது என்று 2013-இல் ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மருந்து, சிந்தெடிக் ஆயிலை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றுவது. வெப்பம், ஈரம், நின்று நின்று ஓடுதல்: அண்ணா சாலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் வர்ணித்ததில்லை. இந்த மாதிரி விவரமும் சாஃப்ட்வேரும் சாவிப் பதிவும் கம்பெனியிடம்தான் முதலில் வரும். ஆனால் வாரண்டி முடிந்த வண்டிக்கு அங்கே நடப்பதும் பெரும்பாலும் மாற்றும் வேலைதான், பாகம் மட்டும் பெரியது. டிஎஸ்ஜி கியர்பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக் என்ற பாகத்தில் ஒரு சின்னக் குறை என்றால் மெக்கட்ரானிக்கையே மாற்றச் சொல்வார்கள். எஸ்டிமேட்டைப் பார்த்தால் வண்டி வாங்கிய விலை நினைவுக்கு வரும்.

சரி, பார்ப்பதற்கும் காசு கொடுத்து, அவர் தப்பாகப் பார்த்துவிட்டால்? நியாயமான பயம், இதற்கு முழுப் பதில் என்னிடமும் இல்லை. ஆனால் பார்த்ததற்குக் கூலி கொடுத்தவருக்கு, என்ன பார்த்தீர்கள் என்று கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. பெட்ரோல் பிரஷர் எவ்வளவு இருந்தது, இருக்க வேண்டியது எவ்வளவு, புகை எங்கே வந்தது என்று ஒரு தாளில் எழுதி வாங்கலாம். எழுதித் தருபவரை விட்டுவிடக்கூடாது. "இன்னும் தெரியல சார், நாளைக்கு ஒரு தடவை பார்க்கணும்" என்பவரை அதைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூலி உறுதியில்லாத ஊரில் அந்த வாக்கியத்தைச் சொல்ல ஒரு மெக்கானிக்குக் கட்டுப்படியாகாது.

இத்தனை பாடு எதற்கு, இதை விற்றுவிட்டு ஒரு ஸ்விஃப்ட் வாங்கினால் என்ன என்று வீட்டில் கேட்பார்கள். விற்பதும் லேசில்லை. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை, பிறகு 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமானவற்றில் ஒன்று. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டியையும் சந்தேகித்தே அவர் விலை சொல்வார். லாரா மலிவாக வந்ததில் அந்தச் சந்தேகத்துக்கும் பெரிய பங்கு உண்டு. விற்கும்போது அதே சந்தேகம் நம் பக்கம் திரும்பும். அப்போது சென்சார் வாங்கிய பில்கள் உதவாது. இந்த வண்டியில் எதையெல்லாம் மாற்றியும் சரியாகவில்லை என்பதற்கு அவையே சாட்சி. அளந்து எழுதிய தாள்கள் ஒரு ஃபைலாக இருந்தால் வாங்க வந்தவர் உட்கார்ந்து புரட்டுவார், விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்பார், கடைசியில் அந்த மெக்கானிக்கின் நம்பரையும் கேட்பார். அதையும் சேர்த்துத்தான் பேரம் பேசுவார்.