லேபிள் ஒட்டும் பிரிவுக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: தகவல் பாதுகாப்புப் பிரிவு, தலைமை அலுவலகம்
பொருள்: ஆவணங்களுக்கு ரகசிய லேபிள் ஒட்டுதல் – தக்கலைக் கிளை நன்றி தெரிவித்தல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

பொது, உள் உபயோகம், ரகசியம், மிக ரகசியம் என்று தாங்கள் அனுப்பிய நான்கு லேபிள்களும் வந்து சேர்ந்தன. எது எதற்கென்று சுற்றறிக்கையில் இல்லாததால், பின்னால் யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி எல்லாவற்றுக்கும் 'மிக ரகசியம்' ஒட்டிவிட்டோம். ஓண விடுமுறைப் பட்டியல் இப்போது மிக ரகசியம். தண்ணீர் கேன் கணக்கும் அப்படியே. கேன் போடும் அண்ணாச்சி பாக்கி எவ்வளவு என்று கேட்டால், சொல்ல அனுமதியில்லை என்கிறோம்.

சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன் ஆகியவை மட்டும் வழக்கம்போல் 'நியூ ஃபோல்டர் 2'இல் லேபிளின்றிக் கிடக்கின்றன. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள்வரை அதை யாரும் திறக்கலாம்.

அந்த ஃபோல்டர் இருக்கும் டீம்ஸ் குழுவுக்கே 'ரகசியம்' ஒட்டியிருக்கிறோமே என்பீர்கள். குழுவுக்கு ஒட்டிய லேபிள் உள்ளே கிடக்கும் கோப்புகளில் தானாக ஒட்டிக்கொள்ளாது என்று மைக்ரோசாஃப்டே எழுதிவைத்திருக்கிறது. கோப்பை இறக்கி வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் லேபிள் குழுவோடு நின்றுவிடும்.

பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அங்கே பந்திக்கு ஊட்டுப்புரை, ஆலோசனைக்கு மந்திரசாலை, ஆபத்தென்றால் மன்னர் தப்பிக்கச் சாரோட்டுக் கொட்டாரம்வரை சுரங்கப்பாதை. பந்தியையும் ஆலோசனையையும் ஒரே கூடத்தில் நடத்தி, வாசலில் 'ரகசியம்' என்று பலகை மாட்டும் யோசனை, பாவம், திருவிதாங்கூர் மன்னர்களுக்குத் தோன்றவில்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க காவல் இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்கிறது. தண்ணீர் கேன் கணக்கு கசிந்தால் எவ்வளவு என்று அதில் இல்லை.

ஆகவே அடுத்த சுற்றறிக்கையில் இரண்டே கேள்விகள் போதும்: இது வெளியே போனால் யாருக்கு நட்டம்? இதைத் திறக்க வேண்டியவர்கள் யார் யார்? பதில் தெரிந்த பிறகு கதவைப் பூட்டுங்கள். லேபிளைச் சாவகாசமாக ஒட்டிக்கொள்ளலாம்.

இக்கடிதத்தின் நகலைச் சம்பளப் பட்டியலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். கிளையில் எல்லோரும் தவறாமல் படிக்கிற இடம் அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
தக்கலைக் கிளை ஊழியன்
(பெயர்: மிக ரகசியம்)