பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது

மின்வாரியத்தை நாம் ஏசாத நாளில்லை. ஆனாலும் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவதென்றால் முதல் நாளே பேப்பரில் போட்டுவிடுவார்கள். படப்பை, மணிமங்கலம், ஒரகடம் என்று ஊர் ஊராக, நேரத்தோடு. மாவாட்டி வைக்கலாம், டேங்க்கை நிரப்பலாம், செல்லுக்குச் சார்ஜ் போடலாம். கம்ப்யூட்டர் அப்டேட்டுக்கு அந்த நாகரிகம் கிடையாது. சொந்தக் கம்ப்யூட்டர் என்றாலாவது, 'ரீஸ்டார்ட் பண்ணவா, அப்புறம் பண்ணவா?' என்று அது கேட்பதும் நாம் பதில் சொல்வதும் நமக்குள்ளேயே முடிந்துவிடும். ஊர்ப்பொதுக் கம்ப்யூட்டர் யாரைக் கேட்கும்?

எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்கும். ஹால் டிக்கெட் எடுக்க வந்த பையன் 'அப்புறம்' என்று அமுக்கிவிட்டு எழுந்து போவான். ஒரகடத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு பி.எஃப். பார்க்க வந்தவரும் 'அப்புறம்.' சாதிச் சான்றிதழுக்கு மனுப் போட வந்த பெண்ணும் அதே. இவர்கள் எல்லோரும் சேர்த்துவைத்த அப்புறம், பட்டா நகல் எடுக்கப் போன என் தலையில் விடிந்தது.

திரை நீலமாகி, நடுவில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. 30 சதவீதம். கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று கீழே ஓர் உத்தரவு. அந்த நேரம் பார்த்து என் செல்லில் ஓ.டி.பி. வந்து விழுந்தது. வாங்கிப்போட ஆளில்லாமல் அது செல்லிலேயே காலாவதியானது. கடைக்கார அக்கா லேமினேஷன் போட்டபடியே, தலையைத் திருப்பாமல், "தொடாதீங்க சார், அதுபாட்டுக்குச் சுத்தட்டும்" என்றார். பக்கத்து நாற்காலி அம்மா, நான்தான் எதையோ உடைத்துவிட்டேன் என்பதுபோலத் தன் பையனைச் சற்று இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். 70 சதவீதம் வந்தபோது கரண்ட் போனது. யு.பி.எஸ். 'கீ... கீ...' என்று கத்த ஆரம்பித்ததும்தான் அக்கா லேமினேஷனை விட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தார்.

அன்றைக்குப் புதன்கிழமை. மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து பாதுகாப்பு அப்டேட்டுகளை மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று வெளியிட்டுவருகிறது. செவ்வாயோ வெறுவாயோ என்று எந்த வேலையையும் தொடங்காத பாட்டிகள் நம் வீட்டில் இருந்தார்கள். அமெரிக்காவில் இல்லை போலிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை வெளியிடும் அதன் ஊர்க் காலை 10 மணி என்றால் இங்கே செவ்வாய் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. ஆக, எங்கள் படப்பையில் ஷட்டரைத் தூக்கும்போது புதன் பிறந்திருக்கும்.

இந்த அப்டேட் தொல்லைக்கு மாற்று என்று சில இடங்களில் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருளைப் போட்டுவைப்பார்கள். யார் எதைக் கலைத்தாலும் ரீஸ்டார்ட் ஆனதும் கம்ப்யூட்டர் பழைய நிலைக்கே வந்துவிடும். அதில் அப்டேட்டுக்கென்று தனியே நேரம் ஒதுக்காமல் விட்டால், இறக்கிய அப்டேட்டும் சேர்ந்து அழியும். மறுநாள் வேதாளம் மறுபடி முருங்கை மரம்.

அப்டேட்டையே நிறுத்திவிட்டால்? 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற வைரஸ் பிரிட்டன் மருத்துவமனைகள்வரை முடக்கியது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். சரி, தானாகவே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டவர்கள் 2024 ஜூலை 19 அன்று மாட்டினார்கள். ஆடி முதல் வெள்ளி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய அப்டேட்டில் பிழை. உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அக்கா கடையில் அன்று ஒரு குறையும் இல்லை. அவ்வளவு விலைகூடிய பாதுகாப்பு அங்கே கிடையாது.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தை அக்காவிடம் சொன்னேன். விண்டோஸில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஒன்று உண்டு. கடை நேரத்தை அதில் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது, 18 மணி நேரம்வரைகூடக் கொடுக்கலாம், ராத்திரியில் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ராத்திரி பூட்டும்போது மெயினையே அணைச்சிட்டுத்தான் சார் போவேன். அப்ப அது எப்பத்தான் பண்ணும்?" என்றார். பட்டாவுக்கு வியாழக்கிழமை வரச் சொன்னார்.