கூரை வந்தாச்சு, சுவர் பிறகு

கிரே கவுண்டி, ஒன்ராறியோ
ஐப்பசி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் கனடாவில் ஆட்டுக்கு மாளிகை கட்டுகிறேன் என்று ஊரில் கதை அடிபடுவதாகச் சித்தி ரெலிபோனில் சொன்னா. மாளிகை என்பது சரிதான். இப்போதைக்குக் கப்பும் கூரையும் மட்டும் உள்ள மாளிகை.

நீங்கள் கொட்டில் போடுகிற நாளில் காலமை கப்பு நாட்டினால் பொழுதுபட முதல் கிடுகு வேய்ந்து முடிந்துவிடும். இங்கை முதலில் நாட்டுவது கடுதாசி. படம் கீறி, காசு கட்டி, அனுமதி எடுக்கவேணும். பிறகு கிடங்கு கிண்ட முதல் ‘ஒன்ராறியோ ஒன் கால்’ என்ற இடத்துக்கு அறிவிக்கவேணும், அது சட்டம். நிலத்துக்குக் கீழே காஸ் குழாயும் கரண்ட் வயரும் போகிற வழியைப் புல்லில் நிறமடித்துக் காட்டுவார்கள். அதற்குக் காசில்லை. இந்தக் கட்டடத்தில் எனக்குச் சும்மா கிடைத்தது அந்த நிறக்கோடு ஒன்றுதான்.

கிடங்கு நாலடிக்குக் குறையக்கூடாது. மாரியில் மண்ணின் ஈரம் உறைந்து வீங்கிக் கப்பை மேலே தள்ளும். உறைபனி எட்டாத ஆழத்தில் அடி ஊன்றாவிட்டால், சித்திரையில் கப்புகள் பாலர் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் நிற்கும்.

மரக்காலைக்குப் போனால் இன்னொரு வேடிக்கை. ‘இரண்டுக்கு நாலு’ என்று விற்கிற மரத்தை அளந்து பார்த்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். காயவைத்துச் சீவினபிறகு அவ்வளவுதானாம். நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த களவு என்பதால் ஒருவரும் அதைக் களவென்று சொல்வதில்லை.

காசுக் கதைக்கு வருகிறேன். கடன் எடுக்க மனுசி விடமாட்டா. சம்பளம் வரவரக் கட்டுகிறோம். அதற்கென்றே பிறந்த கட்டடம் இது. பாரம் முழுவதும் கப்பில் இறங்குவதால் முதலில் கூரையைப் போட்டுவிட்டு, சுவரைக் கையில் காசு வரும்போது அடைக்கலாம். 1930களில் அமெரிக்காவில் கமக்காரர் கையில் காசில்லாத காலத்தில் இந்த முறை பரவினதாம். பக்கத்துக் காணிக் கிழவர் இதைப் பெரிய புதினமாக எனக்கு விளங்கப்படுத்தினார். கப்பு, வளை, கைமரம், பிறகு வசதிப்படி செத்தை! படம் கீறாமல் நீங்கள் எத்தனை தரம் செய்திருப்பீர்கள் என்று அவருக்குச் சொல்லவில்லை. பாவம், ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூரையில் மட்டும் நான் கை இறுக்கவில்லை. ஹியூரன் ஏரியைக் கடந்து வருகிற குளிர்காற்று வழியில் ஈரத்தை அள்ளிவந்து எங்கட தலையில் பனியாகக் கொட்டும். அந்தப் பாரத்தைத் தாங்க, எஞ்சினியர் முத்திரை குத்தின கூரைச் சட்டங்களைத் தொழிற்சாலையில் சொல்லிச் செய்வித்தேன். என்னுடைய கலியாணப் பதிவிலும் அவ்வளவு முத்திரை இல்லை.

வாட்டர்லூப் பக்கத்து மெனோனைட் ஆட்கள் ஊரோடு திரண்டு ஒரே நாளில் மரச்சட்டம் முழுவதையும் நிமிர்த்திவிடுவார்கள். நானும் அந்தத் துணிவில் ஸ்காபரோவிலிருந்து எங்கட ஆட்களைக் கூப்பிட்டேன். வந்தார்கள். பாதிப்பேர் ஏணியைப் பிடித்தார்கள், மிச்சப்பேர் ஏணி பிடிக்கிற முறை பிழை என்றார்கள். ஆனாலும் பின்னேரத்துக்குள் சட்டங்கள் ஏறிவிட்டன. மத்தியானம் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். யாருக்கு வீடு கட்டினோமோ அவர்களில் இருவர் அன்றைக்கே குடிபெயர்ந்துவிட்டார்கள்.

சுவருக்குப் பழைய பலகை வாங்கினால் மலிவென்று நினைப்பீர்கள். இங்கை இடிகிற கொட்டில்களின் நரைத்த பலகையை நகரத்துக் கோப்பிக் கடைக்காரர் அழகுக்கென்று கேட்ட விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஏழைக்குப் புதுத் தகரம்தான் கட்டும். வாடைக்காற்றுக்கு வடமேற்குப் பக்கம் அடைத்தாச்சு. வைக்கோலை ஒதுக்கி அடுக்கியிருக்கிறேன். ஈரத்தோடு அடுக்கினால் தானே சூடேறிப் பற்றிவிடும் என்று கிழவர் இரும்புக் கம்பியைச் செருகித் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்.

மிச்ச மூன்று பக்கமும் கதவும் வருஷப்பிறப்புக்குள் முடியும். எந்த வருஷமென்று சித்தி கேட்டால் பேச்சை மாற்றுங்கோ. அடுத்த பார்சலில் மிளகாய்த்தூள் கொஞ்சம் கூட வைத்து அனுப்பச் சொல்லுங்கோ. தகரம் அடிக்கவும் ஆட்களைக் கூப்பிடவேணும்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகன்