ஒன்பதே கால் பூசை

பங்குச் சந்தை திறக்கும் காலை ஒன்பதே காலுக்கு என் அக்கா மகனை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். இட்லி ஆறிக்கொண்டிருக்கும், அவன் கண் போனில் ஓடும் பங்கு ஸ்கேனரில் இருக்கும். நூற்றுக்கணக்கான பங்குகளைச் சலித்து, வால்யூம் ஏறியது, நேற்றைய உச்சத்தை உடைத்தது என்று அது மூன்று பெயரைத் துப்பும். "இது இன்னும் யாருக்கும் தெரியாது மாமா" என்பான். சந்தா கட்டிய அத்தனை பேர் போனிலும் அதே நொடியில் அதே மூன்று பெயர்!

ஆர்டர் போடும் திரையை வடிவமைத்த புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மூன்று நடை நடக்கும் நாட்டில், ஆப்ஷன் வாங்க விரலால் ஒரு தேய்ப்பு போதும். உள்ளே நுழையும்போது, சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவுப்படி ஓர் எச்சரிக்கை வரும்: எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நஷ்டம். அதன் கீழே ஒரு பட்டன். அதை அழுத்தினால் கடை திறந்துவிடும். சிகரெட் அட்டையில் அழுகிய வாயைப் பார்த்துக்கொண்டே பற்றவைப்பவன்கூட ஒரு கணம் தயங்குவான். இவன் தயங்குவதில்லை.

போன மாதம், ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரி அன்று பக்கத்திலிருந்து பார்த்தேன். திரையில் ஓர் ஆப்ஷன் விலை 42. மார்க்கெட் ஆர்டர் போட்டான், கைக்கு வந்தது 44. நாற்பதுக்கு இறங்கினால் தானே விற்றுவிட ஸ்டாப் லாஸ். விலை இறங்கி அதைத் தொட்டது, விற்றது, மறுநிமிடம் 68க்குப் போனது. "ஸ்டாப் லாஸை அடிச்சுட்டுத் தூக்கிட்டான் மாமா!"

யாருடா அவன்? அவனுக்குத் தெரியாது. செபிக்குத் தெரியும். 2023-24இல் எஃப் அண்ட் ஓவில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பார்த்த லாபத்தில் 97 சதவீதமும், தரகர்கள் சொந்தக் காசில் ஆடி எடுத்த லாபத்தில் 96 சதவீதமும் தானாக ஆர்டர் போடும் அல்காரிதம் வைத்திருந்தவர்களுக்கே போனது என்று அதுவே எழுதிவைத்திருக்கிறது. சந்தையின் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே தங்கள் கம்ப்யூட்டரை வைக்க வாடகை கட்டுகிறவர்கள் அவர்கள். அதற்குக் கோ-லொகேஷன் என்று பெயர், சட்டப்படி சரிதான். மொட்டைமாடியில் ஒரு கோடு சிக்னலுக்காகப் போனைத் தூக்கிப் பிடிக்கும் பிள்ளையும் அவர்களும் சமம் என்பதும் சட்டப்படி சரிதான்.

2025 ஜூலையில் ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனம் சந்தைக் குறியீட்டையே ஆட்டிவைத்ததாகச் சொல்லி 4,843 கோடி ரூபாயைச் செபி முடக்கியது. நிறுவனம் மறுத்து வழக்காடுகிறது. வாதாட அதற்கு வக்கீல் உண்டு. மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்கள் தொலைத்த 1.8 லட்சம் கோடிக்கு யார் வாதாடுவது?

அரசாங்கத்துக்கும் ரொம்ப அக்கறை. ஆட்டம் கட்டுக்கு அடங்கவில்லை என்று 2024 அக்டோபரில் ஆப்ஷன் விற்பனை வரியை 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 ஆக்கியது. பிள்ளை குடிக்கிறான் என்று கவலைப்பட்டு டாஸ்மாக்கில் விலையேற்றிய கதை. அடுத்த ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி குடும்பத்தைக் கெடுக்கிறது என்று நாடு முழுக்கத் தடைச் சட்டம் வந்தது. ரம்மியில் தோற்றவன் சூதாடி. ஆப்ஷனில் தோற்றவன் சில்லறை முதலீட்டாளர், வளரும் பாரதத்தின் பங்காளி! 2024-25இல் மட்டும் இந்தப் பங்காளிகள் விட்டது ஒரு லட்சம் கோடிக்கு மேல்.

அந்த எக்ஸ்பைரி அன்று மாலையில் தரகரின் கணக்குச் சீட்டான கான்ட்ராக்ட் நோட் வந்தது. இருபத்திரண்டு ஆர்டர், தலைக்கு இருபது ரூபாய், தரகு 440. அதன் மேல் ஜிஎஸ்டி 79. பிறகு பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், முத்திரைக் கட்டணம். அவன் தோற்ற காசிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு, அவனுக்குத்தான் இல்லை.

"இதுக்கு அப்புறமுமாடா?" என்றேன்.

"ஸ்கேனர்தான் மாமா சரியில்லை" என்றான். "வேற ஒண்ணு இருக்கு, மாசம் ரெண்டாயிரம்தான். அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."