கலிபோர்னியா செஃபிர்: பெரியப்பாவுக்கு ஓர் அறிக்கை



தென்னக ரயில்வேயில் கார்டாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியப்பா அவர்கள், அமெரிக்காவில் ரயில் ஓடுகிறதா, ஓடினால் நேரத்துக்கு ஓடுகிறதா என்று சென்ற கடிதத்தில் வினவியிருந்தமையால், அவ்விரண்டுக்கும் முறைப்படி விடையளிப்பதே இம்மடலின் நோக்கமாகும். முதல் வினாவுக்கு விடை, ஓடுகிறது என்பதே. இரண்டாவதன் விடை சற்று நீளமானது.

இந்நாட்டின் தொலைதூரப் பயணிகள் ரயில்களை 1971 மே 1 முதல் ஆம்ட்ராக் என்னும் நிறுவனம் மத்திய அரசின் நிதியுதவியோடு நடத்திவருகிறது. அவற்றுள் சுற்றுலாப் பயணிகள் பெரிதும் நாடுவது, சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவின் எமரிவில் வரை 3,924 கி.மீ. செல்லும் கலிபோர்னியா செஃபிர் ஆகும். ஏழு மாநிலங்களையும் இரண்டு இரவுகளையும் கடந்து ஏறத்தாழ 52 மணி நேரத்தில் இது போய்ச் சேர வேண்டும் என்பது கால அட்டவணையின் விருப்பம். விமானமோ ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. ஆகவே அவசரம் உள்ள எவரும் இவ்வண்டியில் ஏறுவதில்லை. ஓய்வூதியம் பெறுவோர், விமானத்துக்கு அஞ்சுவோர், மலை பார்க்க வந்த வெளிநாட்டார் ஆகியோரோடு, சமய ஒழுக்கம் கருதிச் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளாமலும் விமானம் ஏறாமலும் வாழும் ஆமிஷ் மக்களும் சிகாகோ நிலையத்தில் காத்திருப்பர். வீட்டில் சமைத்ததைக் கட்டிக்கொண்டு வந்து, வண்டி புறப்பட்டதும் பிரிக்கும் அவ்வினத்தாரே இவ்வண்டியில் நம்மவருக்கு மிக நெருங்கிய உறவினர் எனத் துணிந்து கூறலாம்.

பெட்டியின் வாயிலில் பெயர்ப்பட்டியல் ஒட்டும் வழக்கம் இங்கு இல்லை. உட்கார்ந்து செல்லும் வகுப்பில், இறங்கவேண்டிய ஊரின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கையால் எழுதிய காகிதத் துண்டொன்றை, நம்மூர் டி.டி.இ.க்கு நிகரான கண்டக்டர், இருக்கைக்கு மேலே செருகிவிட்டுப் போகிறார். நள்ளிரவில் இறங்குவோரைத் தட்டி எழுப்புவதற்கும் அத்துண்டுதான் ஆதாரம் என்பதால், இடம் மாறி அமர்பவர் அதனையும் கையோடு எடுத்துச் செல்லுதல் வேண்டும். இரவில் இருக்கை பின்னோக்கிச் சாயுமேயன்றிப் படுக்கையாகாது.

படுக்கை வேண்டுவோர் ரூமெட் எனப்படும் சிற்றறையை வாங்க வேண்டும். அதன் கட்டணம் பெரும்பாலும் விமானக் கட்டணத்தை மிஞ்சும். நம்மூர் சைடு லோயரையும் சைடு அப்பரையும் சேர்த்துச் சுவர் எழுப்பிக் கதவும் பொருத்தினால் கிடைக்கும் இடமே இந்த ரூமெட், அகலம் 1.07 மீட்டர், நீளம் 1.98 மீட்டர். எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்தால் கீழ்ப்படுக்கை, கூரையோரத்திலிருந்து இறக்கினால் மேல்படுக்கை; இவ்விரண்டையும் பணியாளர் அமைத்து முடிக்கும்வரை உரியவர்கள் நடைபாதையில் நிற்பதே நல்லது. மேலே உறங்குபவர் உருண்டு விழாதிருக்க வார்ப்பட்டைகளாலான வலையொன்று மாட்டப்படுகிறது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் வலையே இல்லாமல் தலைமுறைகள் உறங்கி எழுந்து மதுரையில் இறங்கிய செய்தி இந்நாட்டாரை எட்டவில்லை போலும்.

ரூமெட் கட்டணத்தில் உணவும் அடங்கும். உணவுப் பெட்டியில் இருவராகச் செல்வோரை, முன்பின் அறியாத வேறு இருவரோடு ஒரே மேசையில் அமர்த்துவது மரபு. நம்மூரில் சக பயணி சம்பளம் கேட்பார். இங்குள்ளவர் எதையும் கேட்பதில்லை, மாறாகத் தம் மூட்டு அறுவைச் சிகிச்சையையும் இரண்டாவது மணமுறிவையும் சூப் ஆறுவதற்குள் தாமாகவே சொல்லி முடிக்கிறார்.

இனி, நேரம் குறித்த வினா. தண்டவாளங்களுள் பெரும்பகுதி சரக்கு ரயில் நிறுவனங்களுக்குச் சொந்தமானது. பயணிகள் வண்டி அவற்றில் விருந்தாளியாக ஓடுகிறது. விருந்தாளிக்கே முன்னுரிமை என்று 1973 முதல் சட்டம் கூறுகிறது. ஆயினும், ஒற்றைப் பாதையில் எதிர்ப்படும் வண்டிகள் ஒதுங்குவதற்கென அமைந்த லூப் லைன்களைவிடக் கூட்ஸ் வண்டிகள் நீண்டு வளர்ந்துவிட்டமையால், ஒதுங்கக்கூடிய உருவம் உடைய பயணிகள் வண்டியே பல இடங்களில் ஒதுங்கி நிற்கிறது. சட்டம் இயற்றியவர்கள் நீளத்தை அளக்கவில்லை.

எனினும், டென்வரைக் கடந்தபின் தாமதத்தைப் பற்றி எவரும் முணுமுணுப்பதில்லை. நெப்ராஸ்காவின் சமவெளி பெரும்பாலும் உறக்கத்திலேயே கழிந்துவிட, ராக்கி மலைத்தொடரை விழித்திருந்து காணும்படி அட்டவணையை வகுத்தோர் கருணையுள்ளவர்கள். 1928-இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 10 கி.மீ. நீளமுள்ள மொஃபட் சுரங்கத்துக்குள் வண்டி நுழையுமுன், டீசல் புகை உள்ளே பரவாதிருக்க ஒருவரும் பெட்டி மாற வேண்டாம் என்று அறிவிக்கிறார்கள். அதன்பின் கொலராடோ ஆறு சேர்ந்துகொண்டு, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 380 கி.மீ. உடன் வருகிறது. பக்கவாட்டில் திரும்பிய நாற்காலிகளும், கூரைவரை வளைந்த கண்ணாடியும் உடைய காட்சிப் பெட்டியில் அப்போது இடம் கிடைப்பது அரிது. அவ்வாற்றில் ரப்பர் படகு செலுத்துவோர், ரயிலைக் கண்டதும் திரும்பி நின்று, காற்சட்டையைத் தாழ்த்திப் பின்புறத்தால் வணக்கம் தெரிவிப்பது நெடுநாளைய வழக்கமாகும். இப்பகுதியைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதா என்பது பெரியப்பா அவர்களின் முடிவுக்கு விடப்படுகிறது.

சான்பிரான்சிஸ்கோ நகருக்குள் இவ்வண்டி செல்வதில்லை. எமரிவில்லில் இறங்கிப் பேருந்தில் பாலம் கடக்க வேண்டும். அடுத்த கோடையில் இங்கு வருவதாயின், பெரியப்பா அவர்கள் ரூமெட்டைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்து, புளியோதரையை இரண்டு வேளைக்குக் கட்டிக்கொண்டு, ஊர் திரும்பும் விமானச் சீட்டை வண்டி போய்ச் சேரும் நாளுக்கு வாங்காமல், ஒரு நாள் தள்ளி வாங்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.